நடத்தை மதிப்பெண்கள்

அக்டோபர் 9, திங்கள்

கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பத்மா இன்று மாலை மேலே வந்தாள். குடிவந்து மூன்று வருடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல இரண்டு முறை வந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து, உட்காரச் சொன்னபின்தான் உட்கார்ந்தாள். எனக்கு அது பிடித்தது.

மகள் நவீனா பன்னிரண்டாம் வகுப்பு. அவள் எடுத்திருக்கும் பாடங்களில் லீகல் ஸ்டடீஸ் என்று ஒன்று உண்டாம். சொல்லிக்கொடுத்த மிஸ் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். பள்ளியில் வேறு ஆள் போடவில்லை.

"மொத்தம் ஒம்பது பிள்ளைங்கதான் மேடம் அந்தப் பாடத்துல. அதனால யாரும் அலட்டிக்கல. இவளுக்கு வக்கீலுக்குப் படிக்கணும். மார்க் வந்தாத்தான் சட்டக் கல்லூரியில சீட்டு. உங்களுக்குப் பெரிய மனுஷங்களை எல்லாம் தெரியும், நல்ல டியூஷன் மாஸ்டரா ஒருத்தரைப் பார்த்துக் குடுங்க. நான் போய்க் கேட்டா நர்ஸுதானேன்னு யாரையாவது தலையில கட்டிடுவாங்க."

எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: வருகிறவர் முதலில் என் சாப்பாட்டு மேசையில், என் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தகுதி இல்லாதவரைக் கீழே அனுப்ப மாட்டேன்.

"நீங்க பார்த்துச் சரின்னா சரிதான் மேடம்," என்றாள்.

அக்டோபர் 10, செவ்வாய்

அறிவிப்பைக் கையால் எழுதி ஆறு பிரதி எடுத்தேன். நூலகத்துக்கு ஒன்று, கோர்ட்டில் வக்கீல்கள் அறைக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று, மற்றவை கடைகளுக்கு. பள்ளி விட்டதும் நவீனா மேலே வந்து படித்துப் பார்த்தாள். ஒல்லி. சாக்ஸ் ஒன்று மேலே, ஒன்று கீழே. சொன்னதும் சரி செய்தாள்.

"வாட்ஸாப்ல போட்டா போதுமே மேடம்."

"போட்டால் ஊரில் இருக்கிற எல்லாரும் வருவார்கள்."

"எல்லாரும் வரணும்னுதானே போடறோம்?"

பிரதிகளை அடுக்கி உறையில் போட்டேன். என் கணவர் தங்கராஜ் போனபின் இந்த நான்கு வருடத்தில் என்னோடு யாரும் வாதாடியதில்லை என்பது, அவள் படியிறங்கிப் போனபிறகு நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 14, சனி

முதல் ஆள். அட்வகேட் போஜராஜன், நம் ஊர் கோர்ட்டுதான். நான்கு மணிக்கு வரச் சொன்னால் நாலே முக்காலுக்கு வந்தார். கறுப்புக் கோட்டின் கைமடிப்பில் சாம்பார் கறை. உட்கார்ந்ததும் போன் வந்தது. "வாய்தா வாங்கிடலாம்ணே, நீங்க ஏன் பதர்றீங்க," என்று யாரிடமோ கால் மணி நேரம் பேசினார்.

பிறகு நவீனாவைப் பார்த்து, "பாப்பா, சட்டம் புஸ்தகத்துல இல்ல, கோர்ட்டுல இருக்கு," என்றார்.

"பரீட்சை புஸ்தகத்துலேர்ந்து வருது சார்," என்றாள் நவீனா.

அவர் போனபின் அந்தப் பெண் சிரித்த சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் படித்த கான்வென்டில் மாதாமாதம் நடத்தைக்கு மதிப்பெண் போடுவார்கள். நேரம், சுத்தம், கையெழுத்து, பேச்சு, ஒவ்வொன்றுக்கும் பத்து. அதைச் சொன்னேன். உடனே ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டாள். போஜராஜன்: நேரம் 2, சுத்தம் 3, பேச்சு 1. கையெழுத்து தெரியாது. 'பாட அறிவு' என்று அவளாக ஒரு கட்டம் சேர்த்து, 4 போட்டாள்.

"கோர்ட்டுக்குப் போறதுக்கு ஒண்ணு கூடப் போடலாம் மேடம். கருணை மார்க்."

"கான்வென்டில் கருணை மதிப்பெண் கிடையாது," என்றேன்.

பிரெட் வாட்டி, ஆரஞ்சு மார்மலேட் தடவிக் கொடுத்தேன். ஓரத்தைத் தின்னாமல் வைத்தாள். கண்டித்தேன். தின்றாள். பத்மாவின் டியூட்டி ஏழு மணிக்கு முடியும். அதுவரை இருந்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

மழை. யாரும் விண்ணப்பிக்கவில்லை. நவீனா வந்து, "ஏதாவது பதில் வந்துதா மேடம்?" என்று கேட்டாள். இல்லை. இருந்தாலும் ஏழு மணி வரை இருந்தாள்.

அக்டோபர் 20, வெள்ளி

பேக்கரியில் இனிப் பெரிய பிரெட்டாகக் கொடுக்கச் சொன்னேன். சிறியது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

அக்டோபர் 28, சனி

இரண்டாம் ஆள். ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் ஒருவர், முப்பத்தொரு வருடம் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டு எடுத்துக் கொடுத்தவர். சரியாக நான்கு மணி. துவைத்த வேட்டி. நான் நம்பிக்கையோடுதான் இருந்தேன். நவீனாவின் பாடப்புத்தகத்தைப் பிரித்து, ஆங்கிலத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார்.

"அம்மணி, இதெல்லாம் எதுக்குங்க? எந்த மனுவுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டறதுன்னு சொல்லித் தர்றேன். பொழச்சுக்கும் பொண்ணு."

நேரம் 10, சுத்தம் 10, பேச்சு 8, பாட அறிவு 0. அவர் ஸ்டாம்பு ஒட்டுவதற்கு நாக்கை நீட்டிக் காட்டியதை நவீனா மூன்று முறை செய்து காட்டினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நல்ல மனிதர்.

நாட்குறிப்பை நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்டாள். கான்வென்டில் எங்கள் பெட்டியைத் திறந்து சிஸ்டர்கள் எல்லாவற்றையும் படிப்பார்கள், எல்லாரும் அயர்லாந்துக்காரர்கள். தமிழ் மட்டும்தான் அவர்களுக்குப் படிக்க வராது. அப்போது தொடங்கிய பழக்கம் என்றேன்.

"அப்ப நீங்க நேர்மையா எழுதற இடம் இது ஒண்ணுதான்," என்றாள்.

பதினேழு வயதுக்கு அதிகப் பேச்சு.

நவம்பர் 4, சனி

மூன்றாவது ஆள், முகிலா. மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் வீடு. சட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறதாம். ஒரு வக்கீலிடம் ஜூனியர். மலை ரயில் நின்றுபோனதால் பஸ்ஸில் வந்தாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கேட்டில் நின்றாள்.

ரப்பர் செருப்பு. நகத்தில் பாதி உரிந்த சாயம். என்னை ஆன்ட்டி என்றாள். மிஸஸ் தங்கராஜ் என்று திருத்தினேன். "ஓகே ஆன்ட்டி," என்றாள்.

ஒப்பந்தச் சட்டம் எடுத்தாள். முதலில் சில கேள்விகள் கேட்டாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பிறகு மேசையில் இருந்த மார்மலேட் பாட்டிலைத் தூக்கி, "இதை உனக்கு விக்கறேன்னு சொல்றேன், நீ பேசாம உக்காந்திருக்கே. ஒப்பந்தம் ஆச்சா?" என்றாள். நவீனா இல்லை என்றாள். ஏன் என்றாள் முகிலா. அப்படியே ஒரு மணி நேரம். நவீனா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். மேசையில் கையைத் தட்டிப் பேசினாள். அதன்பின் என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஐந்தரையிலிருந்து ஏழு வரை வீடியோவில் வகுப்பு எடுக்க முடியும் என்றாள். நவீனா தன் வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம், யாரும் எங்கும் அலைய வேண்டாம்.

அவள் போனதும் நவீனா கட்டத்தில் எல்லாவற்றுக்கும் பத்து போட்டாள். சுத்தத்துக்கு மட்டும் ஒன்பது, என்னைத் திருப்திப்படுத்த. நான் அதை அடித்து மூன்று போட்டேன். மரியாதைக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்றேன்.

"இவங்களையே வச்சுக்கலாம்ல மேடம்?"

யோசிக்க வேண்டும் என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

சர்ச்சில் கால் வலி. பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. வீடியோ வகுப்பு என்பது வகுப்பே அல்ல. ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் படிக்காத பிள்ளைக்கு என்ன வரும்? ரப்பர் செருப்போடு ஒரு வீட்டுக்கு முதல்முறை வருகிறவளுக்குத் தொழிலில் என்ன ஒழுங்கு இருக்கும்? எல்லாப் பக்கமும் யோசித்துத்தான் முடிவுக்கு வந்தேன்.

முகிலாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வேறொருவரை நியமித்துவிட்டோம், வந்துபோன சிரமத்துக்கு நன்றி. கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

தபாலில் சேர்த்தேன். மாலை நவீனா முகிலாவைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு நேரம் ஒத்துவரவில்லையாம் என்றேன்.

"அவங்களே நேரம் சொன்னாங்களே?"

"சொன்னாள். பிறகு மாறிவிட்டது."

தலையை ஆட்டினாள். பிரெட்டின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பத்மா அதிரசம் கொண்டுவந்தாள். "உங்களை நம்பித்தான் மேடம் இருக்கேன்," என்றாள். அதிரசத்தில் பாகு சற்று முற்றிவிட்டிருந்தது.

நவம்பர் 18, சனி

நான்காவது ஆள். கணக்கு டியூஷன் எடுப்பவர். சட்டமும் வரும் என்றார், வரவில்லை. நவீனா கட்டத்தை நிரப்பினாள். அவரைப்போல நடித்துக்காட்டச் சொன்னேன்.

"வேண்டாம் மேடம். படிக்கணும்," என்றாள்.

ஆனாலும் இருந்தாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் கம்பளி பின்னினேன். பார்க்கிறவர்களுக்கு அது படிப்பு மாதிரிதான் இருந்திருக்கும். ஒரே பக்கம் முக்கால் மணி நேரம் திறந்திருந்தது.

டிசம்பர் 2, சனி

ஐந்தாவது ஆள் வரவே இல்லை. மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைப்பு. நான் வருத்தப்படவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

டிசம்பர் 25, திங்கள்

பத்மாவும் நவீனாவும் நான்கு நாளைக்குக் கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள். ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, தட்டு வைத்து, முள்கரண்டி வைத்து, முறைப்படி சாப்பிட்டேன். கேக்கில் கால்வாசி கீழ்வீட்டுக்கு என்று எடுத்துவைத்தேன். காய்ந்துவிடாமல் இருக்க டப்பாவில் வைத்து மூடினேன். அவர்கள் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

கீழே ஆள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் தண்ணீர்க்குழாய்கூடச் சத்தம் போடுவதில்லை.

ஜனவரி 6, சனி

முன்தேர்வு மதிப்பெண் வந்துவிட்டது. மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் எழுபதுக்கு மேல். லீகல் ஸ்டடீஸ் எண்பதுக்கு இருபத்தேழு.

பத்மா வந்தாள். அழவில்லை. அழுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன்.

"நீங்க எவ்வளவோ முயற்சி எடுத்தீங்க மேடம். அமையல. அவ தலையெழுத்து அப்படி. கணக்குப் பதிவியல் எடுத்தாலும் ஒரு வேலை கிடைக்கும்."

"இன்னும் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது," என்றேன்.

"இருக்கு மேடம். சொல்லிக் குடுக்கத்தான் ஆள் இல்ல."

அவள் எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவள் கையில் டெட்டால் வாசனை. அவள் போனபின் என் கையைக் கழுவப் போனேன். கழுவாமல் திரும்பி வந்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

நவீனா என் மேசையில் உட்கார்ந்து, கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவரை வைத்து வழக்கைத் தீர்த்துக்கொள்வது பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வாய்விட்டுப் படிப்பாள். ஆங்கிலத்தில் ஒரு முறை, பிறகு தனக்குத் தானே தமிழில் ஒரு முறை.

"நடுவரா இருக்கறவருக்கு அந்த விஷயத்துல சொந்த ஆதாயம் ஏதாவது இருந்தா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தரப்புக்கும் சொல்லிடணும். சொல்லாம தீர்ப்புக் குடுத்தா..." நிறுத்திவிட்டு, "சொல்லலன்னா என்ன ஆகும் மேடம்? இதுல தெளிவா இல்ல," என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். குரல் தேவைக்கு மேல் கடுமையாக வந்தது. அவள் புத்தகத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

பின்னலில் எட்டு வரிசை தப்பு. பிரித்தேன்.

ஜனவரி 12, வெள்ளி

மேட்டுப்பாளையம் போய் வந்தேன்.

கடிதம் எழுதினால் போதும் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் எனக்கு நன்றாக எழுத வரும். அதனாலேயே எழுதவில்லை.

காலை எட்டு மணி பஸ். ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்தில் இருந்த அம்மாள் என் தோளில் சாய்ந்தாள். நான் அவள் மேல் சாய்ந்தேன். விலாசத்தைக் கேட்டுக் கேட்டு, மார்க்கெட் பின்புறம், மாடியில் முகிலாவின் வீடு. முப்பத்திரண்டு படி. நானே ஏறினேன்.

முகிலா என்னைப் பார்த்து, "வாங்க ஆன்ட்டி," என்றாள். திருத்தவில்லை. தண்ணீர் கொடுத்தாள். வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன் குடித்து முடிக்க வேண்டியிருந்தது.

யாரையும் நியமிக்கவில்லை என்றேன். கடிதத்தில் எழுதியது பொய் என்றேன். இந்த வாக்கியத்தைப் பஸ்ஸில் பலவிதமாக அமைத்துப் பார்த்திருந்தேன். கடைசியில் மிகச் சிறியதாகத்தான் வந்தது.

ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, "அந்த நேரத்துக்கு ரெண்டு பசங்களை எடுத்துக்கிட்டேனே ஆன்ட்டி," என்றாள். பிறகு விரல் விட்டு ஏதோ எண்ணினாள். "அவங்களைக் காலையில மாத்திக்கறேன். நவீனாவுக்கு அதே அஞ்சரை டு ஏழு. ரெண்டு மாசம், ஞாயிறுகூட விடாம உக்காரணும். உக்காருவாளா?"

உட்காருவாள் என்றேன். என் மேசையிலேயே உட்காரட்டும், அமைதியான இடம், நல்ல வெளிச்சம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

முகிலா டம்ளரைக் கீழே வைத்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க ஆன்ட்டி. அன்னைக்கு முதல் பத்து நிமிஷம் அவ ஒவ்வொரு பதிலுக்கும் உங்க முகத்தைப் பார்த்தா. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு. பாட்டிலைத் தூக்கினப்புறம்தான் மறந்தா. அவ தப்பாச் சொல்லிப் பழகணும். நீங்க பக்கத்துல இருந்தா சொல்லமாட்டா. அவங்க வீட்டுலயே இருக்கட்டும், கதவைச் சாத்திக்கிட்டு."

சரி என்றேன்.

படி இறங்குவதற்குக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே ரப்பர் செருப்பு. நகச் சாயம் மட்டும் புதியது.

ஜனவரி 13, சனி

நான்கு மணிக்கு நவீனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். திங்கள் முதல் முகிலா வகுப்பு எடுப்பாள். நவம்பரிலேயே எடுத்திருப்பாள். நேரம் ஒத்துவரவில்லை என்று அவள் சொல்லவில்லை. நான்தான் வேண்டாம் என்று எழுதினேன். அம்மாவிடம் நீ சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி.

"ஏன் மேடம்?"



"நீ தினமும் வந்து பதில் வந்ததா என்று கேட்பாய்," என்றேன். "ஆள் கிடைத்துவிட்டால் கேட்க வரமாட்டாய்."

மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"எனக்கு இருபத்தேழு மார்க் மேடம்," என்றாள்.

பிரெட் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். இதுவரை அவளைத் தட்டுக் கழுவ நான் விட்டதில்லை, விருந்தாளிகள் கழுவுவதில்லை. ஓரங்களைத் தின்னாமல் குப்பையில் போட்டிருந்தாள். இந்த முறை கண்டிக்கவில்லை. படியில் அவள் இறங்கும் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

பத்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர்கள் வீட்டுக்குள் நான் போனது இதுதான் முதல்முறை. என் வீட்டின் கீழ்ப்பாதி, ஆனால் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பத்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீ போடட்டுமா மேடம்?" என்றாள்.  திட்டியிருந்தால் எழுந்து வந்திருக்கலாம். டீ முழுவதையும் குடிக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 15, திங்கள்

ஐந்தரை. கீழே கதவு சாத்தும் சத்தம்.

ஜனவரி 23, செவ்வாய்

கூடத்தில், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் கீழே பேசுவது கேட்கிறது. வார்த்தை பிடிபடாது, ஏற்ற இறக்கம் மட்டும். நவீனா நிறையப் பேசுகிறாள். நடுவில் முகிலா ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நாற்காலியைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றிவிட்டேன். ஒட்டுக்கேட்பது நல்ல பழக்கமல்ல.

பிப்ரவரி 5, திங்கள்

பேக்கரியில் மறுபடியும் சிறிய பிரெட்டே கொடுக்கச் சொன்னேன். "பேத்தி ஊருக்குப் போயிடுச்சாம்மா?" என்று கடைக்காரன் கேட்டான். எனக்குப் பேத்தி கிடையாது என்றேன்.

பிப்ரவரி 19, திங்கள்

கேட்டில் நவீனாவைப் பார்த்தேன். "குட் ஈவினிங் மேடம்," என்றாள். மூன்று வருடமாகச் சொன்ன அதே குரல். சாக்ஸ் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன.

மார்ச் 3, ஞாயிறு

நாற்காலி மறுபடி கூடத்துக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் வெளிச்சம் போதவில்லை.

மார்ச் 20, புதன்

இன்று லீகல் ஸ்டடீஸ் பரீட்சை. காலை ஒன்பது மணிக்கு அவள் ஜன்னலுக்குக் கீழே போவதைப் பார்த்தேன். குடை எடுத்துப் போகவில்லை. பகல் முழுவதும் வெள்ளி முள்கரண்டிகளைத் துடைத்தேன். பத்தொன்பது இருக்கின்றன, ஐந்து தங்கராஜ் இருந்தபோதே தொலைந்தவை.

இரண்டு மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. எழுந்து கதவைத் திறப்பதற்குள் யாரும் இல்லை. கதவுக்கு அடியில் தாள் செருகியிருந்தது. வினாத்தாள். எழுதிய கேள்விகளுக்கெல்லாம் பென்சிலில் டிக். ஒன்றைக்கூட விடவில்லை. நடுவர் பற்றிய கேள்வியும் வந்திருந்தது. நான்கு மதிப்பெண். அதன் பக்கத்தில் இரண்டு டிக்.

பின்பக்கம் திருப்பினேன். கட்டம் போட்டிருந்தாள். நேர்க்கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவை. மேலே என் பெயர், மிஸஸ் தங்கராஜ் என்று முழுதாக.

நேரம் 10.
சுத்தம் 10.
கையெழுத்து 10.
பேச்சு 7.

கடைசியில் புதிதாக ஒரு கட்டம். உண்மை: 3. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 5. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'பஸ்ஸில் போனதற்கு 2, கருணை மார்க்.'

கான்வென்டில் கருணை மதிப்பெண் கிடையாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். கூட்டலும் போடாமல் விட்டிருக்கிறாள். மொத்தம் நாற்பத்திரண்டு, ஐம்பதுக்கு. பேனாவை எடுத்து எழுதப் போனேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

மணி நான்கு. பேக்கரியில் பெரிய பிரெட் ஐந்து மணி வரை கிடைக்கும். மழை வரும்போல் இருக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.